உதவி புறப்பட்டுவிட்டது

நாகஜோதிக்குக் கோபம் வந்தால் நடப்பாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் தவசியோடு வாய்த் தகராறு முற்றி, மேல்மந்தையிலிருந்து சந்தைவரை மலைப்பாதையில் நடந்தே போய், ஒரு சாமானும் வாங்காமல் அதே வேகத்தில் திரும்பி வந்து உலை வைத்தவள். இப்போது சண்டை போடத் தவசி இல்லை. போன தை மாதப் பனியில் நரிப்பள்ளத்தில் கால் முறிந்து கிடந்து செத்துப்போனான். அன்றிலிருந்து அவள் நடையாய் நடக்கிறாள்.

ஆனால் இன்றைக்கு அவள் கிளம்பியது வெறுமனே ஆத்திரம் தணிய நடக்கும் நடைக்கு இல்லை. நாளைக்குக் கீழே டவுனில் தவசி சாவு பற்றி விசாரணை. அதற்கு முன்னால் ஒரு காரியத்தை முடித்தாக வேண்டும்.

"கையை நீட்டு தாயி," என்றார் ஜெபராஜ்.

விடிந்தும் விடியாத நேரம். பாதையை மறித்து நின்ற மலைக்கதவின் கம்பிகளில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஜெபராஜ் கதவையும் அதை ஒட்டிய கண்காணிப்பு அறையையும் பார்த்துக்கொள்பவர். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றுக் கம்பெனி வேலைக்கு வந்த தூத்துக்குடிக்காரர். மலைக்கு வந்து எத்தனையோ காலமாகியும் குல்லா இல்லாத அவர் தலையை மேல்மந்தையில் ஒருவரும் பார்த்ததில்லை.

நாகஜோதி கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையை மாட்டி, காதில் செருகப் பட்டாணி அளவுக்கு ஒன்றைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்துதான் கம்பெனியின் 'துணை'. பெயர் வைத்தவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, வெயில் படும் இடத்தில் உட்கார்ந்து வைத்திருப்பான்.

மலையேற வந்த ஒரு கூட்டம் மூடுபனியில் சிக்கி மொத்தமாகச் செத்த பிறகு வந்த சட்டம் அது. துணை இல்லாமல் யாருக்கும் கதவு திறக்காது. அது நாடி பார்க்கும், உடம்புச் சூடு பார்க்கும், ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்க்கும். ஆபத்து என்றால் கணக்குப் போடும். ஆள் அனுப்பினால் பிழைப்பான் என்று கணக்கு வந்தால் ஆள் போகும். பிழைக்க மாட்டான் என்று வந்தால் போகாது. மீட்கப் போகிறவன் உயிரும் உயிர்தானே என்று அதற்கு நியாயமும் சொல்லியிருந்தார்கள்.

"நாளைக்குக் கம்பெனிக்காரங்க என்ன சொல்லப் போறாங்க தெரியுமா சார்?" என்றாள் நாகஜோதி. "நரிப்பள்ளத்துக்கு மேட்டு வழி ஒண்ணுதான் இருக்கு, அது பெரும்பகல் நடை, யாரு போயிருந்தாலும் பொணத்தத்தான் தூக்கிட்டு வந்துருப்பாகன்னு சொல்லப் போறாங்க."

"அப்படித்தானே துணை கணக்குப் போட்டுது."

"சோலை வழி இருக்குல்ல?"

ஜெபராஜ் பெருமூச்சு விட்டு அறைக்குள் இருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். மலை முழுவதும் பச்சைக் கோடுகள். துணை கட்டிக்கொண்டு நடந்தவர்களின் தடங்கள். நடுவில் ஒரு கோடும் இல்லாமல் சிவப்பாக ஒரு திட்டு.

"இதுதான் உங்க சோலை. இதுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் ஒரு துணையும் போனதில்லை. ஆள் தடம் இல்லைன்னா, ஆள் போக முடியாத இடம்னு அது வச்சிக்கிடும். அதுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்துருக்கு."

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து போற எடம் சார்."

"துணையைக் கட்டிக்கிட்டா போனாங்க?"

அங்கேதான் சிக்கல். சோலைக்குள் இருக்கும் அம்மனுக்குக் கட்டு ஆகாது. உள்ளே போகிறவர் உடம்பில் கட்டியது எதுவும் இருக்கக் கூடாது. கொண்டையை அவிழ்க்க வேண்டும். பெல்ட், வாட்ச், தாயத்து, கயிறு, செருப்பு வார் எல்லாவற்றையும் கழற்றி, சோலையின் இரு பக்க ஓரத்திலும் உள்ள அவிழ்கல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆம்பளைகளின் வேட்டியை மட்டும் அம்மன் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டாள். துணை வந்தபோது மேல்மந்தைக்காரர்கள் அதையும் அதே கல்லில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள். சாதாரண நாளில் கழற்றி வைத்தால் அது தூங்கிவிடும். அதற்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஊர்க்காரர்கள் சோலை ஓரம்வரை வருகிறார்கள், நிற்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான்.

"இன்னைக்கு மேட்டு வழியாப் போயி சோலை வழியாத் திரும்பி வரப் போறேன்," என்றாள் நாகஜோதி. "இதக் கையில கட்டிக்கிட்டே."

ஜெபராஜ் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "ஊர்ல சும்மா விடுவாங்களா?"

"விடாட்டிப் போறாக."

"அதைவிடு. ஒரு தடவை தடம் விழுந்துட்டுன்னா அழிக்க முடியாது தாயி. அடுத்த வாரமே குறுக்கு வழின்னு வர்ற டூரிஸ்டுக்கெல்லாம் காட்டும். சோலைக்குள்ள சிப்ஸ் கவர் கிடக்கும்."

அது அவளுக்குத் தெரியாததில்லை. நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். ஆனால் தவசி சாகும்போது அம்மனும் பக்கத்திலேயேதான் இருந்தாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மேலும் நாகஜோதிக்குக் கோபம் இருந்தது.

ஜெபராஜ் அங்கே இங்கே பார்த்துவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய வாக்கி டாக்கியை எடுத்து, அதன் வாரை அவள் கழுத்தில் மாட்டினார். அவளுடைய செல்போனை வாங்கி அதே இழுப்பறையில் போட்டார். மேலே சிக்னல் கிடையாது.

"ஆபத்துன்னு வந்துட்டா துணை எங்களுக்கு லைன் தராது. இங்க வேலை பாக்குறவன் மனசு கெட்டுப்போகுமாம். அன்னைக்கு ராத்திரி தவசி குரலை நான் கேக்கவே இல்லை. இதை வச்சிக்க."

கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு நான் உங்க ஆளுக முன்னால படிச்சது…" என்று ஆரம்பித்தார்.

"படிச்சது நீங்க. எழுதுனவன் வேற," என்றாள் நாகஜோதி. மன்னித்துவிட்டேன் என்று அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"நாகஜோதி அவர்களே, உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்," என்றது காதுக்குள் ஒரு பெண்குரல்.

"வாய மூடு."

"புரியவில்லை. மீண்டும் சொல்ல முடியுமா?"

மீண்டும் சொன்னாள். இந்த முறை கூட இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்.

பைன் மரங்களைத் தாண்டியதும் புல்மேடு. ஒவ்வொரு புல்லும் பனியில் விறைத்து வெள்ளையாக நின்றது. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தவசியின் பழைய ஜெர்கினுக்குள் அவள் உடம்பு வேர்த்தது, மூக்கும் விரலும் மரத்தன. உருளைக்கிழங்குத் தோட்டக்காரர்கள் இந்த மாதிரிக் காலையில்தான் கருகின செடியைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள்.

நடக்க நடக்க அந்த ராத்திரி வந்து கூடவே நடந்தது. தவசி மேட்டு வழியில் வானிலைக் குடிசைக்குச் சாமான் சுமந்துவிட்டுத் திரும்பும்போது நரிப்பள்ளத்தில் விழுந்தான். துணை கட்டிக்கொண்டுதான் போயிருந்தான். கம்பெனி வேலை, மேட்டு வழியை விட்டு இறங்கக் கூடாது என்பது உத்தரவு. சேதி ஊருக்கு வந்ததும் டார்ச்சு லைட்டோடு பத்து ஆம்பளைகள் சோலைப் பக்கம் கிளம்பிவிட்டார்கள். நாகஜோதியும் கிளம்பினாள். அப்போதுதான் ஜெபராஜ் ஓடி வந்து, திரையில் வந்ததைப் படித்தார்: "உதவி புறப்பட்டுவிட்டது. மீட்புப் பணிக்கு இடையூறு செய்யாமல் காத்திருங்கள்."

காத்திருந்தார்கள். மறுபக்கத்திலிருந்து ஆள் போயிருக்கிறது என்று ஜெபராஜ் உட்பட எல்லோரும் நம்பினார்கள். ஒருத்தனும் போகவில்லை. போய்ப் பயனில்லை என்று அந்நேரமே கணக்கு முடிந்திருந்தது. பிறகு கேட்டதற்கு, அது கூட்டத்தை அமைதிப்படுத்தும் வாக்கியம் என்றார்கள். வாக்கியமாம்! நாகஜோதி கையிலிருந்த குச்சியால் ஒரு பனிப்புதரை ஓங்கி அடித்தாள்.

பொழுது விடியும் முன்னே அவள் செல்போனுக்குச் செய்தி வந்தது. 'உங்கள் அன்புக்குரிய தவசி அமைதியாக, வலியின்றி, நல்ல துணையோடு விடைபெற்றார்.'

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது இன்னொன்று. தவசியைக் கண்டபோது அவன் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் மேட்டு வழியைப் பார்த்து இருந்தது. சோலை அவன் முதுகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில். சோலைக்குள் பனி இறங்காது. மக்கிய இலை கணகணவென்று இருக்கும். கால்தான் ஒடிந்திருந்தது, இரண்டு கையும் நன்றாக இருந்தன. மூட்டை சுமந்த கை. தவழ்ந்தே போயிருக்கலாம். மலையில் பிறந்தவனுக்கு இது சொல்லியா தர வேண்டும்?

ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. "மனசு விட்டுப் போச்சு போல," என்றார்கள் முதலில். பிறகு, அவள் காதில் விழட்டும் என்றே, "அவ வாய்க்குப் பயந்து, வீட்டுக்கு வரப் பிடிக்காம உக்காந்துட்டானோ என்னவோ," என்றார்கள்.

"ஏன்யா உக்காந்தே?" என்று நாகஜோதி சத்தம் போட்டுக் கேட்டாள். மேட்டில் மேய்ந்த காட்டுமாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது.

"உங்கள் நாடித்துடிப்பு அதிகமாக உள்ளது. சற்று ஓய்வெடுங்கள்," என்றது துணை.

அவள் ஓய்வெடுக்கவில்லை. பாதையை மறித்து நின்ற காட்டுமாட்டுக் கூட்டத்துக்கு வழிவிட்டுச் சரிவில் இறங்கி ஏறினாள். வேகவைத்து எடுத்துவந்த உருளைக்கிழங்கை நடந்துகொண்டே தின்றாள். உச்சிவேளை தாண்டிக் காத்தாடிப் பாறைக்கு வந்து சேர்ந்தபோது காற்று அவளைத் தள்ளியது. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். கீழே நரிப்பள்ளம். அதற்கு அந்தப் பக்கம் கரும்பச்சையாகச் சோலை. சோலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊரின் அடுப்புப் புகை. காலையிலிருந்து நடந்த நடையெல்லாம் இந்தச் சோலையைச் சுற்றிக்கொண்டு வந்த நடைதான். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறங்கும்போது மூடுபனியும் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. நரிப்பள்ளத்து ஓடையைத் தாண்ட வேண்டும். நடுக்கல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி உறைந்திருந்தது. கால் வைத்தது நினைவிருந்தது; அடுத்த நிமிஷம் இடுப்புவரை தண்ணீரில் கிடந்தாள். முழங்கால் பாறையில் மோதிய வலி உச்சந்தலைவரை ஏறியது. தண்ணீர் கொதிக்கிறதா குளிர்கிறதா என்றே தெரியவில்லை. எப்படியோ புல்லைப் பிடித்துக் கரையேறி, பக்கத்துப் பாறையில் சாய்ந்தாள். பற்கள் தாளம் போட்டன.

"முழங்காலில் அடிபட்டுள்ளது. உடல் வெப்பம் குறைந்து வருகிறது. கணக்கிடுகிறேன்," என்றது துணை.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு குரல் மாறியது. அதே பெண்தான், ஆனால் 'அவர்களே'யை விட்டுவிட்டாள். வேகம் குறைந்து, கனிந்து, பிள்ளையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரிப் பேசினாள்.

"நாகஜோதி, பயப்படாதே. நான் உன் பக்கத்திலேயே இருக்கிறேன். உதவி புறப்பட்டுவிட்டது. அசையாமல் அப்படியே இரு."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையே வந்தது. காலையிலிருந்து திட்டித் தீர்த்த சனியன்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு குரல் அப்படிச் சொல்லும்போது உடம்பு கேட்டுவிடுகிறது. நடுக்கம் மெல்ல அடங்கியது. கண் சொருகியது.

"நல்லது. அப்படித்தான். இதோ வந்துவிடுவார்கள்."

எந்தப் பக்கமிருந்து வருவார்கள்? அவள் நகர்ந்து, வசதியாகத் திரும்பி, மேட்டு வழியைப் பார்த்தாள். மூடுபனியில் பாதை பாதிதான் தெரிந்தது. ஆள் அரவம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். முதுகைப் பாறையில் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

இந்தப் பாறை. இந்தச் சாய்மானம். முகம் மேட்டைப் பார்த்து, சோலை முதுகுக்குப் பின்னால்.

விரல்கள் வாக்கி டாக்கியின் பொத்தானை அமுக்க மாட்டேன் என்றன. முழங்கையால் அமுக்கினாள்.

"சார். ஜெபராஜ் சார்."

"தாயி! என்ன ஆச்சு? திரையில உன் பேரு சாம்பல் கலருக்குப் போயிட்டு!"

"யாராச்சும் கெளம்பிட்டாங்களா?"

"எங்க?"

"என்னயக் கூட்டிட்டுப் போக. உதவி கெளம்பிருச்சா?"

"இல்லையேம்மா. எனக்கு ஒரு உத்தரவும் வரல. சாம்பல்னா கணக்கு முடிஞ்சிதுன்னு அர்த்தம். போய்ப் பயனில்லைன்னு… யாரு சொன்னா கெளம்பிட்டாங்கன்னு?"

நாகஜோதி காதிலிருந்து அந்தப் பட்டாணியைப் பிடுங்கி வாக்கி டாக்கியின் வாயில் வைத்தாள்.

"…உதவி புறப்பட்டுவிட்டது. அசையாமல் இரு, நாகஜோதி. மேட்டு வழியாக வந்துகொண்டிருக்கிறார்கள்…"

கரகரவென்று இரைச்சல் மட்டும் கேட்டது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஆறுதல் முறைன்னு ஒண்ணு இருக்குன்னு பேச்சுவாக்குல கேட்டுருக்கேன். சாகப் போறவனுக்குக் கடைசி நேரத்துல பயம் வேண்டாமேன்னு வச்சதாம். அது இப்படிப் பேசும்னு நான் கண்டேனா?"

"அன்னைக்கு அவருகிட்டயும் இதத்தான் சொல்லிருக்கு."

"தாயி…"

"அங்க எங்களயும் நிறுத்தி வச்சிட்டு, இங்க அவரயும் உக்கார வச்சிருச்சு. ரெண்டு பக்கமும் ஒரே பொய்யி."

ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தவசி மனசு விட்டுப்போய் உட்காரவில்லை. வீட்டுக்கு வரப் பிடிக்காமல் உட்காரவில்லை. வருவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தான். சொன்ன பேச்சைக் கேட்டான். அவளிடம் ஒருநாளும் கேட்காதவன், பாழாய்ப்போன ஒரு பட்டை சொன்னதைக் கேட்டான். நாகஜோதிக்கு வந்த கோபத்தில் உடம்பில் சூடு ஏறியது. அந்தச் சூடு அன்றைக்கு அவளுக்குத் தேவையாக இருந்தது.

பட்டாணியை மறுபடி காதில் செருகினாள்.

"நாகஜோதி, யாரிடமாவது ஏதாவது சொல்ல விரும்பினால் சொல். நான் சேர்த்துவிடுகிறேன்."

"தவசின்னு ஒருத்தரு. போன வருசம், இதே எடம். அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

"மற்றவர்களின் தனிப்பட்ட செய்திகளைப் பகிர எனக்கு அனுமதி இல்லை."

"அவரு பொண்டாட்டி நான்!"

"உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?"

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"சொல்றேன். கேட்டு எழுதிக்க. ஜெபராஜ் சாருக்கு. நான் வந்துக்கிட்டு இருக்கேன், ஒரு சொம்பு கடுங்காப்பி போட்டு வைங்க. இவ்வளவுதான்."

"மிக அழகான செய்தி. உடனே சேர்த்துவிடுகிறேன்."

அவள் குச்சியை ஊன்றி எழுந்தாள். முழங்கால் வேண்டாம் என்று கெஞ்சியது. மேட்டு வழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காலை இழுத்து இழுத்து, சில இடங்களில் உட்கார்ந்து நகர்ந்து, சோலையைப் பார்த்துப் போனாள். காதுக்குள் அது விடாமல் கெஞ்சியது. நகராதே, வலிக்கும், இதோ வந்துவிட்டார்கள். தவசிக்கும் இப்படித்தான் கெஞ்சியிருக்கும். பாவம், அவனுக்குப் பெண்பிள்ளைகள் கெஞ்சினால் தாங்காது.

அவிழ்கல் பாசி பிடித்து ஈரமாக நின்றது. அதற்கு அந்தப் பக்கம் பகலிலேயே இருட்டு.

காலையில் போட்டு வந்த திட்டம் இந்தக் கல்லோடுதான் இருந்தது. கட்டிய துணையோடு இதைத் தாண்டினால் ஒரு பச்சைக் கோடு விழும். வழி இருந்தது என்று நாளைக்குக் காட்டலாம். அம்மனே வந்து குறுக்கே நின்றாலும் தாண்டுவது என்றுதான் வந்திருந்தாள்.

ஆனால் இப்போது யாருக்கு எதைக் காட்ட வேண்டும்? வழி தெரியாமல் தவசி சாகவில்லை. அவனுக்கு வழி தெரியும். ஊருக்கும் தெரியும். வழி தெரிந்த இரண்டு பக்கத்தையும் ஒரு வாக்கியம் கட்டிப்போட்டது. இதில் சோலையைத் தூக்கிக் கம்பெனி கையில் கொடுத்துவிட்டு வர அவளுக்கு என்ன தலையெழுத்து?

வாக்கி டாக்கியை எடுத்தாள். "இனிமே பேச மாட்டேன் சார். கழுத்துல கட்டுனதயும் கழட்டணும்."

"தாயி, எங்க இருக்க? தாயி!"

வாரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கல்லின் மேல் வைத்தாள். ஊறிப்போன ஷூவை அவிழ்த்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கடைசியாகக் காதில் இருந்ததை எடுத்து, ஈரக் கையிலிருந்து பட்டையை உருவினாள். ஆபத்து நேரத்தில் அது தூங்கப் போகவில்லை. யார் கையும் இல்லாத பட்டை, உள்பக்கம் பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி நாடியைத் தேடிக்கொண்டிருந்தது.

நாகஜோதி குனிந்து அதனிடம் சொன்னாள்: "பயப்படாத. அசையாம இங்கனயே இரு. உதவி கெளம்பிருச்சு."

சோலைக்குள் வெறுங்கால் பட்டதும் மக்கிய இலை வெதுவெதுப்பாக இருந்தது. காற்று இல்லை. இருட்டு என்றாலும் சின்ன வயதிலிருந்து கால் பழகிய இடம். எந்த வேர் எங்கே நீட்டிக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மரத்துக்கு மரம் கை கொடுத்து நடந்தாள். அம்மன் இருக்கும் கல்லைத் தாண்டும்போது நின்று முறைத்தாள். பிறகு, சரி போ என்று விட்டுவிட்டாள். தவசியிடம் மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். "ஒன்னய ஏமாத்திட்டானுகய்யா. இது தெரியாம நானும் ஒரு வருசமா உன்னயவே திட்டிக்கிட்டு இருந்துட்டேன்." சொல்லும்போது அழுதாள், அழுததைத் துடைக்கவில்லை.

சோலை ஊருக்குப் பின்னால் வந்து முடிந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது.

ஜெபராஜ் மலைக்கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மேட்டு வழியையே பார்த்து நின்றார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவருக்கு முழு வழுக்கை.

"காப்பி போட்டீங்களா சார்?"

அவர் திரும்பினார். தலைவிரி கோலமாக, வெறுங்காலோடு, இடுப்புவரை நனைந்து நின்றவளைப் பார்த்து முதலில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். அப்புறம் ஓடி வந்து தன் கம்பளியைப் போர்த்தினார்.

"காப்பி போட்டீங்களான்னு கேட்டேன்."

"என்ன காப்பி தாயி? என்ன சொல்லுத?"

"ஒங்களுக்குச் சேதி வரலயா?"

"ஒரு சேதியும் வரலையே."

நாகஜோதி தலையை ஆட்டிக்கொண்டாள். அறைக்குள் போய் ஹீட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அப்போது இழுப்பறைக்குள் அவளுடைய செல்போன் கிணுகிணுத்தது. துணைக்குக் கொடுத்திருந்த வீட்டு நம்பரும் அதுதான். ஜெபராஜ் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

"படிங்க. படிச்சுப் பழக்கம்தான ஒங்களுக்கு," என்றாள் அவள்.

அவர் படித்தார். "உங்கள் அன்புக்குரிய நாகஜோதி, அமைதியாக, வலியின்றி, நல்ல துணையோடு விடைபெற்றார்."

ஹீட்டரின் சிவப்புக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள் நாகஜோதி. ஒரு வருஷமாக அவள் மனசில் ஒரு மூலையில் வைத்துத் தேற்றிக்கொண்ட வார்த்தைகள் அவை. வலியில்லாமல் போனான் என்றாவது இருக்கிறதே என்று. அதுவும் போயிற்று.

"அத அழிச்சிராதீங்க," என்றாள். "நாளைக்கு விசாரணைக்கு நீங்களும் என் கூட வர்றீங்க. காதால கேட்டதச் சொல்றீங்க. செத்தவ நேர்ல வந்துருக்கான்னு மொத வரியில எழுதச் சொல்லுங்க."

"வாரேன்," என்றார் ஜெபராஜ். குல்லாவை மேஜைமேல் வைத்தார். வேலை போய்விடும் என்று இருவருக்கும் தெரியும். மின்அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: "எந்த வழியா வந்தன்னு கேப்பாங்களே தாயி. என்ன சொல்லப் போற?"

"நடந்து வந்தேன்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"நான் கேக்குறதுக்கு அவங்க பதில் சொல்லட்டும், அப்புறம் பாப்போம்." ஈரக் கூந்தலை உதறி இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்து இறுக்கி முடிந்தாள். "ஒரு சொம்பு காப்பி கேட்டதக்கூடக் கொண்டாந்து சேக்கல. அப்ப என் புருசன் சொன்னது எங்கயோ அப்பிடியேதான கெடக்கு? மொத அத எடுத்துக் குடுக்கச் சொல்லப் போறேன்."

தவசி மேல் இருந்த கோபம் சோலைக்குள்ளேயே கழன்று விழுந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஜெபராஜ் சூடாகக் காப்பியை நீட்டினார். அவள் வாங்கி, ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள்.